மீன் தொட்டிக்குக் கரண்ட் கொடுத்த மகராசன்கள்

மீன் தொட்டிக்காரன் ஒரு பொய் சொன்னால் மறுநாள் காலையில் ஒரு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். ஆகையால் எங்கள் தொழிலில் பொய் கிடையாது. மாரியாத்தா மேல் சத்தியம், முனியாண்டி மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் மேல் சத்தியம், கீழே எழுதியிருப்பது ஒவ்வொரு சொல்லும் நடந்தது! நம்பாதவர்கள் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று உரக்கக் கேட்டுப் பாருங்கள். யாரும் பதில் சொல்லவில்லை என்றால், எல்லோரும் வெட்கத்தில் ஒளிந்துகொண்டார்கள் என்று அர்த்தம்.

ஹட்டனில் கண்ணாடி வெட்டி ஒட்டி மீன் தொட்டி செய்கிறவன் நான். செய்வதோடு விடுவதில்லை, வீட்டுக்கே போய் மாட்டிப் பூட்டியும் கொடுக்கிறேன். மோட்டர், லைட், ஹீட்டர், காற்றுக் குழாய் என்று ஒரு தொட்டிக்கு ஒரு கல்யாண வீட்டு வயர் வேண்டும். நுவரெலியாவிலிருந்து நல்லதண்ணி வரைக்கும் நம்ம சனம் மீனுக்குத் தீனி போட மறந்தாலும் மறக்கும், கரண்ட் போட மறக்காது. தொட்டி வாங்கி அவதிப்பட்ட வாசகர்களே, தண்ணீருக்குள் விரலை விட்டுச் சுள்ளென்று வாங்கிக்கொண்டு, பெண்டாட்டிக்குத் தெரியாமல் கையை உதறியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்காகவும்தான். என் மகள் புவனா நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்துக் காம்பராவில் குடியிருக்கிறாள். லயம் என்றால் தெரியும்தானே? நீளமாக ஒரே கட்டடம், வரிசையாகக் காம்பராக்கள், எல்லார் தலைக்கும் மேலே ஒரே தகரக் கூரை. அந்தக் கூரையைத் தாங்குவது காய்ந்த பழைய மரம். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு கடைசிக் காம்பராவில் போய்த்தான் மூச்சு வாங்கும். போன வருசம் அவளுடைய பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு மீன் தொட்டி வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஒரு தொட்டிக்கா இவ்வளவு பயம் என்று கேட்பீர்கள். நம்ம ஆட்களின் அறிவை நான் வீடு வீடாகப் பார்த்தவன் ஐயா.

மீனுக்குச் சால்வை

நுவரெலியாவில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி. கரட்டும் கோவாவும் லொறி லொறியாகக் கொழும்புக்கு அனுப்புகிறவர். "தொட்டில ஏதோ நாத்தம் அடிக்குது, வந்து பாருங்க" என்று போன் பண்ணினார். போனேன். வாசலிலேயே என் மூக்கு சொல்லிவிட்டது, இது மீன் நாற்றமில்லை, கம்பளி கருகுகிற நாற்றம். உள்ளே பார்த்தால், தொட்டிக்கு மேலே இருக்கிற லைட் மூடியைத் தடித்த கம்பளிச் சால்வையால் இழுத்துப் போர்த்தி, காதுக்கு மப்ளர் கட்டுகிற மாதிரி முடிச்சும் போட்டிருக்கிறார். புல்லில் உறைபனி விழுகிற காலம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லைட்டின் சூடு வெளியே போக வழி வேண்டாமா? சால்வையின் நடுவில் ஒரு ரொட்டி அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கருகி, தொட்டால் உதிர்கிறது. உள்ளே இரண்டு தங்கமீன்கள் வியர்வையைத் துடைக்கத் துண்டு இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தன. என் கண்ணால் பார்த்தேன்.

"முதலாளி, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா சால்வை பத்தி, திரைச்சீலை பத்தி, நீங்க லீக்ஸ் வதங்குற மாதிரி வதங்கியிருப்பீங்க" என்றேன். அவர் சால்வையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அந்த ஓட்டை வழியாகவே என்னைப் பார்த்துச் சொன்னார்: "இதுவும் நல்லதுதான் பெரியவரே, இனி மீனுக்குக் காத்தோட்டமா இருக்கும்."

குளிக்கிற கொயில்

நானுஓயாவில் ஒரு புது மாப்பிள்ளை. அவருக்கு மீன் ஹீட்டர் பூட்டிக் கொடுத்தவன் நான்தான். வரும்போது படித்துப் படித்துச் சொன்னேன்: "தண்ணி மாத்துறப்ப மொதல்ல பிளக்கைக் கழட்டுங்க. ஹீட்டர் ஆறட்டும். அப்பறமா வெளிய எடுங்க." மாப்பிள்ளை தலையை ஆட்டினார். ஆட்டின ஆட்டில் கழுத்து கழன்று தொட்டிக்குள் விழுந்துவிடுமோ என்று பயந்தேன். மறு வாரமே கரண்டோடு வெளியே எடுத்து, கொதிக்கிற கண்ணாடிக் குழாயைப் பச்சைத் தண்ணீரில் முக்கி, டப்பென்று வெடிக்க வைத்திருக்கிறார். சரி, புதுசு வாங்க வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. வாளியில் குளிக்கத் தண்ணீர் சுட வைப்போமே, அந்தக் கொயிலைத் தூக்கித் தொட்டியில் தொங்கவிட்டுவிட்டார். இரண்டும் தண்ணீர் சுட வைக்கிற சாமான்தானே! சுவிட்சைப் போட்டுவிட்டு டிவியில் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் போனபோது தொட்டியில் இருந்தது மீன் இல்லை, சொதி. தேங்காய்ப்பாலும் மஞ்சளும்தான் குறை. கண்ணாடி அடியிலிருந்து மேல்வரை வெடித்து, சுடுதண்ணீர் தரையில் கிடந்த மல்டி பிளக்குக்குள் இறங்கி, பிளக் கரிக்கட்டையாகி, சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி. பக்கத்தில் பஞ்சு மெத்தை. அது தப்பியது அவருடைய முப்பாட்டன் யாரோ செய்த புண்ணியம். நான் தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறேன், மாப்பிள்ளை கொயிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்கிறார்: "மீன் போனா போகட்டுங்க, இதுல செதில் ஒட்டிக்கிச்சே, இனி நான் எப்படிக் குளிக்கிறது?"

தீயணைப்புத் தொட்டி

நோர்வூட்டில் ஒரு சலூன். தொட்டிக்குப் பக்கத்தில் பிளக் சீறிப் புகைந்திருக்கிறது. மெயினை அணைக்க வேண்டும் என்று கோழிக்குக்கூடத் தெரியும். சலூன்காரர் ஷேவ் பண்ணுகிற குவளையால் தொட்டித் தண்ணீரை அள்ளிப் பிளக்கின் மேல் ஊற்றினார், இரண்டு குட்டி மீனோடு சேர்த்து. எரிகிற கரண்டுக்குத் தண்ணீர்! பொறி பறந்ததில் நாற்காலியில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவர் துணியைப் போர்த்தியபடியே பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறிப் போனவர்தான், மிச்ச மீசையை எடுக்க இன்னும் வரவில்லை. ஊற்றினவர் கை மரத்துப்போய் மூலையில் உட்கார்ந்திருந்தார். "ஏம்ப்பா, கரண்டுல தண்ணி ஊத்தலாமா?" என்று கேட்டதற்கு என்னைத்தான் முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்: "தண்ணி பக்கத்துலேயே இருந்துச்சு அண்ணே, அதுக்குக்கூட ஒதவலன்னா அப்பறம் எதுக்கு நான் தொட்டி வச்சிருக்கேன்?"

குரைத்த நாயைக் கொன்றவர்

ஹட்டனில் பாத்திரக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர், என் பழைய வாடிக்கை. அவர் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. எங்கேயாவது கரண்ட் கசிந்தால் வீட்டுக் கரண்டையே தானாக அணைத்துவிடுகிற சுவிட்ச் அது. விழுகிறது என்றால் நாய் குரைக்கிறது என்று அர்த்தம். திருடனைத் தேட வேண்டும். திருடன் யார்? தொட்டிக்குள் கிடந்த மோட்டர். அதன் ஓடு வெடித்துத் தண்ணீர் உள்ளே போயிருந்தது. நானா என்ன செய்தார்? யாரோ ஓர் அரைகுறை வயர்மேனைப் பிடித்து, ட்ரிப் சுவிட்சைத் தாண்டி வயரை நேராகக் கொடுக்கச் சொல்லிவிட்டார். நாய் செத்தது. வீடு அமைதியானது. திருடன் தொட்டிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

நான் போனபோது நானா ரப்பர் செருப்போடு தொட்டிக்கு முன்னால் நின்று, முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தொழுகிற மாதிரி ஒரு சாந்தம் முகத்தில். தண்ணீரில் கரண்ட் நடமாடுகிறது, செருப்புதான் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது! மீன்களெல்லாம் மூலையில் ஒதுங்கி, செதில் சிலிர்த்து, பலாக்காய் மாதிரி நின்றன. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். நானா கண்ணைத் திறந்து கோபமாகச் சொன்னார்: "ஏன் அணைச்சீங்க? காலைல கொஞ்ச நேரம் கைய விட்டா மூட்டு வலிக்கு அவ்வளவு சொகமா இருக்குது, தயவுசெஞ்சி இத ரிப்பேர் பண்ணிராதீங்க!"

பக்கத்துக் காம்பரா

இப்போது புரிகிறதா நான் ஏன் பயந்தேன் என்று? இந்த ஞானிகளெல்லாம் தனி வீட்டுக்காரர்கள். எரிந்தால் அவர்களோடு போகும். புவனாவின் பக்கத்துக் காம்பராவில் இருப்பவன் தங்கராஜ். கொழும்பில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவன், இப்போது தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். வரும்போது கொழும்பிலிருந்தே வேனில் ஒரு தொட்டி கொண்டுவந்து இறக்கினான். ஆறு ஆள் தூக்கினார்கள். அவ்வளவு பெரிய தொட்டி. அதில் தண்ணீர் நிரப்பிய அன்று லயத்துச் சனம் குடம் பிடிக்கிற பீலியில் தண்ணீர் நின்றுபோனது.

புவனா வீட்டுக்குப் போயிருந்தபோது பெருமையாகக் கூப்பிட்டுக் காட்டினான். ஷோகேசுக்கு மேலே தொட்டி. தொட்டிக்கு நேர் கீழே தரையில் மல்டி பிளக். மேலேயிருந்து வயர்களெல்லாம் வெள்ளைக் கிளிப் அடித்து, ராணுவ அணிவகுப்பு மாதிரி விறைப்பாக, நேராகப் பிளக்குக்குள் இறங்குகின்றன. "தம்பி, தொட்டில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி வயரப் புடிச்சா, வழுக்குமரத்துல எறங்குற மாதிரி நேரா பிளக்குக்குள்ளதான் எறங்கும். பிளக்கைத் தள்ளி, மேல செவுத்துல அடி. வயரக் கொஞ்சம் தொங்க விடு. பிளக்கை விடக் கீழ வயித்தத் தள்ளிக்கிட்டு வயர் தொங்கணும். அப்பத்தான் வர்ற தண்ணி அந்த வயித்துலேயே சொட்டிப் போயிரும், பிளக்குக்கு ஏறாது" என்று கையால் வளைத்துக் காட்டினேன். புவனாவின் அடுப்படிச் சுவருக்கு மறுபக்கம்தான் அந்தப் பிளக். நடுவில் ஒரு செங்கல் கனம். அதையும் சொன்னேன். தங்கராஜ், லயத்துக் காம்பராவுக்கு நட்ட நடுவில், லயத்துக் கூரைக்கு நேர் கீழே நின்றுகொண்டு, மூக்கைச் சுளித்தான்: "என்ன மாமா நீங்க, வயரெல்லாம் தொங்குனா வீடு லயம் மாதிரி இருக்குமே!"

கூடைக்குள் குடித்தனம்

புவனா சும்மா இருக்கிறவள் இல்லை. தங்கராஜ் பெண்சாதி சரசுவிடம் நேராகவே கேட்டாள்: "அக்கா, ஒங்க வீட்டுல பத்துனா எங்க வீடும் சேந்துதான் எரியும், கொஞ்சம் சொல்லுங்களேன் அவங்ககிட்ட." சரசு பீலியில் குடத்தை வைத்துவிட்டு, நாலு பேர் கேட்கும்படி, "எங்க வீட்டுக்குத் தொட்டி வந்த நாள்ல இருந்து சில பேரு வயிறு எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். புவனா தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். தொட்டிக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை, கொழுந்துக்கும் தோட்டத்துக்கும்தான் சம்பந்தம், போய்க் கிள்ளம்மா என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகும்போதே வீட்டைக் கூடையில் கட்டிக்கொண்டு போகத் தொடங்கினாள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தோடு, கல்யாணப் படம் எல்லாம் ஒரு ஷொப்பிங் பைக்குள். பை கூடைக்கு அடியில். அதற்கு மேலே கொழுந்து. மலையில் நின்றபடி பத்துக் கொழுந்து கிள்ளுவாள், திரும்பி லயத்துக் கூரையைப் பார்ப்பாள், மறுபடி பத்துக் கிள்ளுவாள். மூடுபனி இறங்கிக் கூரை மறைந்தால் அவளுக்குக் கை ஓடாது. பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் தெரியாமல் நிற்பாள். இதை நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒருநாள் கூடையைக் கவிழ்த்தபோது பையும் சேர்ந்து விழுந்தது. கங்காணி குனிந்து பார்த்துச் சொன்னார்: "என்ன புவனா, அந்த மலையில இப்பக் கொழுந்தோட தோடும் மொளைக்குதா?"

வயரின் வயிற்றில் ஒரு பழம்

புத்தி சொல்லித் திருந்தாதவனைக் கடவுள் வேறு வழியில் கொண்டுவந்து சேர்த்தார். தங்கராஜின் மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. ஏன் சாகாது? மீனுக்குப் பொங்கல் போட்டிருக்கிறான், வடை போட்டிருக்கிறான், கோயில் பிரசாதமென்று பஞ்சாமிர்தமும் ஒரு கரண்டி போட்டிருக்கிறான். அவன் சொன்ன காரணம் திருஷ்டி. வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினான். பூசணிக்காய் உடைத்தான். தொட்டிக்குத் திருநீறு பூசினான். ஒன்றும் நடக்காமல் கடைசியில் என்னைக் கூப்பிட்டான். "மாமா, இந்தப் பக்கத்துக் கண்ணு பொல்லாதது" என்று புவனாவின் காம்பரா பக்கம் பார்வையை வேறு காட்டுகிறான், என்னிடமே!

எனக்கு வந்த ஆத்திரத்தில் எழுந்து போயிருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் பேத்தி சிரிக்கிற சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டேன். முகத்தைச் சுடுகாட்டுப் பூசாரி மாதிரி வைத்துக்கொண்டு, "தங்கராஜ், வாசல்ல கட்டி என்ன பண்றது? கண்ணு வாசல் வழியாவா வருது? கரண்ட் வழியாத்தான் வருது" என்றேன். அவனுக்குக் கண் விரிந்தது. அப்படியே அடித்துவிட்டேன்: "பிளக் தரையில கெடந்தா தரித்திரம். செவுத்துல மேல ஏத்தி அடி, தொட்டிக்கு நேர் கீழ இருக்கக்கூடாது, தள்ளி இருக்கணும். வயரு விறைப்பா நின்னா கண்ணு நிக்காம ஓடி மீன்கிட்ட போயிரும். கிளிப்பெல்லாம் பிடுங்கு. வயரத் தொங்கவிட்டு, அதோட அடி வயித்துல ஒரு எலுமிச்சம்பழத்தத் தொங்கவிடு. பழம் பிளக்கை விட ஒரு மொழம் கீழ இருக்கணும். தரையத் தொடக்கூடாது. நூல்ல கட்டணும், வயர ஊசியால குத்துன, பழம் வாடுறதுக்கு முந்தி நீ வாடிருவ. தொட்டிக்குள்ள கைய விடுறதுக்கு முன்னால எப்பவும் பிளக்கைக் கழட்டிக் கும்பிட்டுட்டுத்தான் விடணும்."

நான் பீடியை முடிக்குமுன் கிளிப்பெல்லாம் வாசலில் கிடந்தன. பிளக் சுவரில் ஏறியது. பழத்தின் பாரத்தில் வயர்கள் நான் மாதக்கணக்காகக் கையால் வளைத்துக் காட்டிய அதே வளைவில் அழகாகத் தொங்கின. தீனியைக் குறைத்தால் மீனுக்கு ஆயுள் கூடும் என்பதையும், மீனுக்கு விரதம் என்று சொல்லி வைத்தேன். தங்கராஜ் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ரொம்ப வருத்தத்தோடு என்னைக் கடிந்துகொண்டான்: "இத மொதல்லயே வெவரமா சொல்லியிருக்கலாமே மாமா, ஏன் இவ்வளவு நாளா தண்ணி சொட்டும், வயரு நனையும்னு சின்னப்புள்ளத்தனமா பேசிக்கிட்டு இருந்தீங்க?"

பழம் அழுத பகல்

மழை பிடித்துக் கொட்டிய ஒரு நாள். புவனா பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். தங்கராஜ் கோயிலில், சரசு இன்னும் மலையில். பக்கத்துக் காம்பராவுக்குள் சொட்டுச் சொட்டென்று சத்தம். ஜன்னலால் எட்டிப் பார்த்தால், பில்டர் குழாய் கழன்று, தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வயரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறது. வயர் வழியாக வந்து, எலுமிச்சம்பழத்தில் சேர்ந்து, பழத்தின் நுனியிலிருந்து தரைக்குச் சொட்டுகிறது. தரையில் ஒரு குட்டிக் குளம். பழைய மல்டி பிளக் கிடந்த இடம் அந்தக் குளத்தின் நடுவில். என் மகள் கத்திக்கொண்டு உள்ளே பாயவில்லை. வெளி வாசல் இஸ்தோப்புச் சுவரில் இருந்த அவர்கள் வீட்டு மெயின் சுவிட்சை, காய்ந்த துணியால் கையைச் சுற்றிக்கொண்டு இழுத்து அணைத்தாள். அப்புறம்தான் கோயிலுக்கு ஆள் அனுப்பினாள். அதற்கும் அப்புறம்தான் படியில் உட்கார்ந்து அழுதாளாம்.

செய்தி கேட்டு ஹட்டனிலிருந்து நான் பறந்து வந்தேன். எவ்வளவு வேகமென்றால், ஏறி வந்த பஸ் எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. லயமே அந்தக் காம்பராவுக்குள் நின்றது. நான் வயரைத் தடவிப் பார்த்தேன்: பழம் வரைக்கும் ஈரம், பழத்துக்கு அந்தப் பக்கம் பிளக் வரைக்கும் எலும்பாட்டம் காய்ந்து கிடக்கிறது. பழைய மாதிரி வயர் நேராக இறங்கியிருந்தால், பிளக் தரையில் கிடந்திருந்தால், அன்றைக்கு அத்தனை குடும்பமும் மழையில் நின்று எரிகிற கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் பேத்தி அந்த நேரம் சுவருக்கு மறுபக்கம் பாயில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தங்கராஜ் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டு, கண்ணீர் வழிய, "பாத்தீங்களா, எங்க லயத்துக்கு வந்த கண்டத்தத் தான் வாங்கிக்கிட்டு அந்தப் பழம் அழுதுருக்கு!" என்றான். சரசு புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். பெண்கள் குலவை போட்டார்கள். பழத்துக்குக் கற்பூரம் காட்டப் போனார்கள்; கரண்டும் தண்ணீரும் போதாதென்று நெருப்பையும் கொண்டுவருகிறார்கள், அதையாவது வாசலில் வைத்துக் காட்டுங்கள் என்று விரட்டினேன். ஈரத்துணியும் விளக்குமாறுமாய் நின்ற அந்த அறிவீனக் கூட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அட மடச் சாம்பிராணிகளா, அழுதது பழம் இல்லை, காப்பாற்றினது வயரின் வளைவு, அதைச் சொன்னது இந்தக் கிழவன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். புவனா என் முழங்கையைக் கிள்ளி, பல்லைக் கடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னாள்: "அப்பா, இப்ப நீங்க உண்மையச் சொன்னீங்க, நாளைக்கே அவங்க வயரத் திரும்ப இழுத்துக் கட்டிருவாங்க, பேசாம நீங்களும் குலவை போடுங்க."

கடைசியாக ஒரு வேண்டுகோள்

குலவை போட்டேன் ஐயா. கிழவன் குலவை போட்டதைக் கேட்டு மழையே ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் பெய்தது. இப்போது அந்தத் தோட்டத்தில் தொட்டிக்கு மட்டுமில்லை, பிரிட்ஜுக்கு, ரைஸ் குக்கருக்கு, போன் சார்ஜருக்குக்கூட எலுமிச்சம்பழம் தொங்குகிறது. லயம் முழுக்க வயர்கள் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஹட்டன் சந்தையில் எலுமிச்சைக்குத் தட்டுப்பாடு. புவனாவின் கூடையில் கொழுந்து மட்டும்தான் இருக்கிறது. பனி இறங்கினாலும் அவள் கை நிற்பதில்லையாம்.

நம்ம சனத்துக்கு அறிவைச் சொல்லி ஒரு கூரையையும் காப்பாற்ற முடியாது, புளுகைச் சொல்லி ஒரு லயத்தையே காப்பாற்றலாம். ஆகையால் புண்ணியவான்களே, பழத்தின் ரகசியத்தை எந்தப் பாவி சொன்னான் என்று யார் கேட்டாலும் என்னைக் காட்டிவிடாதீர்கள், அந்தக் கூரைக்குக் கீழேதான் என் பிள்ளைகள் இன்றைக்கும் படுக்கிறார்கள்.